ஹிட்மேன் கோ: ஒற்றைப்படையா, இரட்டைப்படையா?

ஹிட்மேன் கோ வெளிவந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. 2014 ஏப்ரலில் ஐபோனுக்கு வந்தது, கொஞ்ச நாளில் ஆண்ட்ராய்டுக்கு, 2016-இல் பிஎஸ்4, வீட்டா, ஸ்டீம் என்று பரவியது. இதைப் பற்றிப் பேச்சு வந்தாலே எல்லோரும் முதலில் சொல்வது அதன் அழகைத்தான். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த பொம்மைக் கொலு மாதிரி ஒவ்வொரு லெவலும் இருக்கும் என்பார்கள். இருக்கும்தான். ஆனால் இந்த கேமின் உயிர் அந்த அழகில் இல்லை, யாரும் பெரிதாகப் பேசாத ஒரு சின்ன விதியில் இருக்கிறது என்பது என் கட்சி. விதி இதுதான்: நீங்கள் சும்மா நிற்க முடியாது.

விளையாடாதவர்களுக்காக ஒரு சுருக்கம். பலகை மேல் புள்ளிகள், அவற்றை இணைக்கும் கோடுகள். மொட்டைத் தலையும் கறுப்பு கோட்டும் சிவப்பு டையுமாக ஏஜெண்ட் 47 ஒரு பொம்மையாக நிற்கிறார். விரலால் தள்ளினால் கோட்டின் வழியே ஒரு புள்ளி நகர்வார். அவர் நகர்ந்து முடித்ததும் பலகையில் இருக்கும் காவலாளிகள் எல்லோரும் ஒரே சமயத்தில் தங்கள் நகர்வைச் செய்வார்கள். ஒரு காவலாளியின் மூக்குக்கு நேர் எதிரே, அடுத்த புள்ளியில் நீங்கள் போய் நின்றால் முடிந்தது கதை, பிடிபட்டீர்கள். பக்கவாட்டிலோ பின்னாலோ வந்து அவர் நிற்கும் புள்ளிக்குள் நுழைந்தால் அவர் காலி. ரத்தமெல்லாம் கிடையாது. பொம்மை ஒரு தட்டு வாங்கி, பலகைக்கு வெளியே ஓரமாகப் போய்ச் சேரும், செஸ்ஸில் வெட்டுப்பட்ட காய் மாதிரி. வெளியேறும் புள்ளியை அடைந்தால் லெவல் முடிந்தது. சில பலகைகளில் வெளியேறுவதற்குப் பதிலாக ஒரு ஆளைக் கொல்ல வேண்டும்.

காவலாளிகளில் அடிப்படையாக மூன்று ஜாதி. ஒருவர் அசையாமல் ஒரே திசையைப் பார்த்து நிற்பார். ஒருவர் நேர்கோட்டில் போய் வந்துகொண்டிருப்பார். முனையை அடைந்ததும் அதே நகர்விலேயே திரும்பிவிடுவார், திரும்புவதற்கென்று தனி நகர்வு எடுக்கமாட்டார். மூன்றாமவர் நின்ற இடத்திலேயே ஒவ்வொரு நகர்வுக்கும் முன்னும் பின்னுமாகத் திரும்பிக்கொண்டிருப்பார். நாய் உண்டு, வேறு சிலரும் பிற்பாடு வருவார்கள். ஆனால் கேமின் கணக்கு முழுக்க இந்த மூன்று பேரிடம்தான்.

இப்போது அந்த விதிக்கு வருவோம். 47-க்கு 'இந்த முறை நான் நகரவில்லை' என்று சொல்லும் உரிமை இல்லை. நேரம் ஓட வேண்டும் என்றால் நீங்கள் நகர்ந்தே ஆக வேண்டும். இது ஏதோ இடைமுகத்தில் ஒரு பொத்தானை மிச்சப்படுத்தியதுபோலத் தெரியலாம். கொஞ்சம் தோண்டினால் வேறு என்னவோ கிடைக்கிறது.

பலகையின் புள்ளிகளை செஸ் பலகை மாதிரி கறுப்பு, வெள்ளை என்று மாற்றி மாற்றி மனசுக்குள் வண்ணம் பூசிக்கொள்ளுங்கள். புள்ளிகள் சதுரக் கட்டங்களாக அடுக்கியிருப்பதால் பக்கத்துப் புள்ளி எப்போதும் மாற்று நிறத்தில்தான் இருக்கும். நீங்கள் ஒவ்வொரு நகர்விலும் நிறம் மாறுகிறீர்கள். நிற்கவே முடியாது என்பதால் இதில் விதிவிலக்கு கிடையாது. ஐந்தாவது நகர்வு முடிந்து எந்த நிறத்தில் இருப்பீர்கள் என்பது நீங்கள் எந்த வழியில் போனாலும் ஒன்றுதான். நடக்கும் காவலாளிக்கும் இதே விதி. அவரும் ஒவ்வொரு நகர்விலும் நிறம் மாறுகிறார்.

இரண்டு பேரும் ஒவ்வொரு முறையும் நிறம் மாறினால்? இருவருக்கும் உள்ள உறவு மாறவே மாறாது. உங்கள் முறை வரும்போது நீங்களும் அவரும் ஒரே நிறத்தில் இருந்தால், லெவல் முடியும்வரை உங்கள் முறையில் ஒரே நிறத்தில்தான் இருப்பீர்கள். அதாவது உங்களுக்கிடையே உள்ள தூரம் எப்போதும் இரட்டைப்படை. பக்கத்துப் புள்ளி என்றால் தூரம் 1, அது ஒற்றைப்படை. ஆக, நீங்கள் எவ்வளவு சாமர்த்தியமாகப் பின்தொடர்ந்தாலும் அவரை எட்டித் தொடவே முடியாது. அவரோ உங்களைப் பிடிக்கலாம், ஏனென்றால் நீங்கள் நகர்ந்தபிறகு அவர் முறை வரும்போது தூரம் ஒற்றைப்படை ஆகிவிடுகிறது. இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. உங்கள் முறையில் இருவரும் வெவ்வேறு நிறத்தில் இருந்தால் அந்த ஆளால் உங்களை ஒருபோதும் பிடிக்க முடியாது, உங்களால் அவரை வெட்ட முடியும். யார் வேட்டைக்காரன், யார் இரை என்பது முதல் நகர்வுக்கு முன்பே பலகையில் எழுதப்பட்டிருக்கிறது!

செஸ் ஆடுபவர்களுக்கு இது பழக்கமான சங்கதிதான். கடைசிக் கட்டத்தில் இரண்டு ராஜாக்கள் நடுவில் ஒரு கட்டம் விட்டு எதிரெதிரே நிற்கும்போது, நகர வேண்டிய கட்டாயம் யாருக்கு இருக்கிறதோ அவர் வழிவிட வேண்டும். நகர்வது உரிமையாக இருந்தது போய் தண்டனையாக மாறும் இடம். ஹிட்மேன் கோ அந்த ஒரு துளியை எடுத்து முழு கேமாக ஆக்கியிருக்கிறது.

நின்ற இடத்தில் திரும்பிக்கொண்டே இருக்கும் காவலாளியிடம் இது இன்னும் அழகாக வேலை செய்கிறது. அவருக்கு இடப்பக்கம் ஒரு புள்ளி, வலப்பக்கம் ஒரு புள்ளி, இரண்டுக்கும் ஒரே நிறம். ஆகவே நீங்கள் எந்தப் பக்கம் போய் நின்றாலும் அது ஒற்றைப்படை நகர்வுகளில் மட்டும், அல்லது இரட்டைப்படை நகர்வுகளில் மட்டும்தான் நடக்கும். அவரும் இந்தப் பக்கம் பார்ப்பது ஒற்றைப்படையில் என்றால் அந்தப் பக்கம் பார்ப்பது இரட்டைப்படையில். கூட்டிப் பாருங்கள்: ஒரு பக்கம் எப்போதும் சாவு, இன்னொரு பக்கம் எப்போதும் பத்திரம். 'எப்போ போறது?' என்று நேரத்தைப் பற்றி நாம் மண்டையைக் குடைந்துகொண்டிருக்கும் கேள்வி, உண்மையில் 'எந்தப் பக்கமா போறது?' என்ற இடத்தைப் பற்றிய கேள்வி. நிறைய பேர் இவர் முன்னால் வந்ததும் ஒரு அடி முன்னே, ஒரு அடி பின்னே என்று ஊசலாடுவார்கள், காத்திருப்பதாக நினைத்துக்கொண்டு. போக ஒன்று, வர ஒன்று, இரண்டு நகர்வு செலவு, கணக்கு அப்படியே இருக்கும். சதுரக் கட்டத்தில் சுற்றிச் சுற்றி வந்தாலும் பயனில்லை. கிளம்பிய புள்ளிக்குத் திரும்பும் எந்தச் சுற்றும் இரட்டைப்படை நீளம்தான்.

அப்புறம் எப்படித்தான் உடைப்பது? அதற்காகத்தான் தரைக்கதவுகள். ஒரு கதவில் இறங்கி, பலகையின் வேறொரு மூலையில் உள்ள கதவில் ஏறுவதற்கு ஒரு நகர்வு. அந்த இரண்டு கதவும் ஒரே நிறப் புள்ளிகளில் இருந்தால் நீங்கள் ஒரு நகர்வை நிறம் மாறாமல் செலவழித்துவிட்டீர்கள். அந்த ஒரு நொடியில் பலகையில் உள்ள எல்லா நடமாடும் காவலாளிகளோடும் உங்கள் உறவு தலைகீழாகிறது. துரத்தியவர் துரத்தப்படுபவர் ஆகிறார். முதல் தடவை பார்க்கும்போது தரைக்கதவு ஒரு குறுக்குவழி என்று தோன்றும். தூரத்தைக் குறைப்பது அதன் சின்ன வேலை, பெரிய வேலை இந்தத் தலைகீழாக்கம். கல் எறிவதும் அப்படித்தான். சத்தம் கேட்டு அந்தப் பக்கம் வரும் காவலாளியின் வழக்கமான தாளம் கலைகிறது. நின்றே கிடந்தவர் நடக்கத் தொடங்குகிறார். பூந்தொட்டிக்குள் ஒளிவது வேறு மாதிரி. அங்கே நிறம் மாறாது, பார்வை மட்டும் உங்களைத் தாண்டிப் போகும்.

இதில் எதையுமே கேம் வாய்விட்டுச் சொல்வதில்லை என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. பாடம் நடத்தும் பெட்டிகள் இல்லை, காதில் வந்து அறிவுரை சொல்லும் குரல் இல்லை. இரண்டு காவலாளிகளும் ஆறேழு புள்ளிகளும் உள்ள ஒரு சின்னப் பலகையைக் கொடுத்து, நீங்களே தடுக்கி விழுந்து கற்றுக்கொள்ள விடுகிறது. ஒற்றைப்படை, இரட்டைப்படை என்ற வார்த்தைகளே தெரியாமல் இதை விரலால் உணர்ந்து ஆடுபவர்கள் இருப்பார்கள். நல்ல விதிக்கு அது போதும்.

வேறொரு கேள்வி: இது ஸ்டெல்த் கேம்தானா?

1998-இல் தீஃப், மெட்டல் கியர் சாலிட், கமாண்டோஸ் மூன்றும் வந்தன. ஸ்டெல்த் என்ற வகைக்கே அந்த வருஷம் ஒரு திருப்பம். மூன்றும் வேறு வேறு மாதிரி, ஆனால் மூன்றிலும் பொதுவாக ஒன்று உண்டு: கண்ணில் பட்டுவிட்டால் கேம் முடிவதில்லை, வேறொரு கேம் தொடங்குகிறது. ஓட வேண்டும், ஒளிய வேண்டும், ஆட்கள் தேடி ஓயும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். தீஃபில் நிழலில் நிற்கும்போது 'அவன் என்னைப் பார்த்துட்டானா, இல்ல சும்மா திரும்பினானா?' என்ற சந்தேகம்தான் பயத்தின் ஊற்று. அரைகுறையாகத் தெரிவதுதான் அங்கே அனுபவம்.

ஹிட்மேன் கோவில் அரைகுறை என்பதே இல்லை. எல்லாக் காவலாளிகளும் எங்கே இருக்கிறார்கள், எங்கே பார்க்கிறார்கள், அடுத்த பத்தாவது நகர்வில் எங்கே இருப்பார்கள் என்பது அத்தனையும் உங்கள் கண் முன்னால். தாயக்கட்டை இல்லை, தற்செயல் இல்லை. கண்ணில் பட்டால் அதோடு சரி, திரும்ப முதலிலிருந்து. 2012-இல் வந்த மார்க் ஆஃப் தி நிஞ்சாவும் எல்லாவற்றையும் வெளிப்படையாகக் காட்டியது. உங்கள் காலடிச் சத்தம் எவ்வளவு தூரம் கேட்கும் என்பதை ஒரு வட்டமாக வரைந்தே காட்டும். ஆனால் அங்கே தவறு நடந்தபின் சமாளிக்கும் இடம் இருந்தது. இங்கே அந்த இடத்தை முழுக்க வழித்து எடுத்துவிட்டார்கள். மிச்சம் இருப்பது ஸ்டெல்த்தின் வடிவியல் மட்டும்: யார் எந்தப் பக்கம் பார்க்கிறார், எந்த முதுகு எப்போது திரும்பும்.

இதைக் குறை என்று சொல்லலாமா? நான் தயங்குகிறேன். பயத்தை எடுத்துவிட்டால் ஸ்டெல்த்தில் பாதி போய்விடுகிறது, அது நிச்சயம். ஆனால் மிச்சமுள்ள பாதி இத்தனை சுத்தமாக வேறெங்கும் கிடைப்பதில்லை. சோக்கோபான் 1982-இல் கிடங்கு வேலையை எடுத்துக்கொண்டு பெட்டி தள்ளுவதை மட்டும் வைத்தது. வியர்வையும் முதுகுவலியும் அதில் இல்லை என்று யாரும் குறைப்பட்டுக்கொள்ளவில்லை. என்னுடைய நிஜமான குறை வேறு இடத்தில் இருக்கிறது. வேஷம்.

ஹிட்மேன் வரிசை 2000-இல் ஐஓ இண்டராக்டிவ் என்ற டென்மார்க் நிறுவனத்திடமிருந்து தொடங்கியது. அதை மற்ற ஸ்டெல்த் கேம்களிலிருந்து பிரித்துக் காட்டியது நிழல் இல்லை, உடை. சமையல்காரன் உடையைப் போட்டுக்கொண்டால் சமையலறைக்குள் யாரும் ஏனென்று கேட்கமாட்டார்கள், மாடிக்குப் போனால் கேட்பார்கள். வெயிட்டர், தோட்டக்காரன், காவலாளி என்று ஒவ்வொரு உடைக்கும் ஒரு எல்லை. மனிதர்கள் ஒருவரையொருவர் முகத்தைப் பார்ப்பதில்லை, சீருடையைப் பார்க்கிறார்கள் என்ற கசப்பான ஒரு அவதானிப்பு அந்த வரிசையின் அடியில் ஓடிக்கொண்டிருந்தது. கோவில் அது என்ன ஆயிற்று? ஒவ்வொரு வகைக் காவலாளிக்கும் ஒரு நிறம். அந்த நிற உடை கிடக்கும் புள்ளியில் கால் வைத்தால் அந்த நிறக்காரர்கள் உங்களைக் கண்டுகொள்ளமாட்டார்கள். அவ்வளவுதான். ஒரு வடிகட்டி. நிற்பவர் என்ற வகையை மொத்தமாக அணைத்துவிட்டு நடப்பவர்களை மட்டும் வைத்து யோசி என்கிறது. புதிரைக் கஷ்டப்படுத்த வேண்டிய ஒரு பொருள் அதைச் சுலபமாக்குகிறது. எந்தப் புள்ளியில் என்ன உடையோடு இருக்கலாம் என்று பலகையையே பிரித்திருந்தால், மூல கேமின் மூளையும் இதன் எளிமையும் சேர்ந்திருக்கும். புள்ளியும் கோடும் உள்ள பலகைக்கு அது முடியாத காரியம் இல்லை.

கொலை விஷயத்துக்கு வருவோம். பொம்மையைத் தட்டிவிடுவது வன்முறையை அழகுபடுத்துகிறது என்று ஒரு பேச்சு உண்டு. எனக்கு அதில் பெரிய உடன்பாடு இல்லை. ஆனால் புதிரின் பார்வையில் பார்த்தால் கொலை ஒரு சுவாரசியமான காரியம் செய்கிறது. ஒவ்வொரு காவலாளியைக் கொல்லும்போதும் பலகையிலிருந்து ஒரு நிபந்தனை கழிகிறது. அதாவது கொல்லக் கொல்லப் புதிர் இளகிக்கொண்டே போகிறது. கடைசி நான்கைந்து நகர்வுகள் காலி வீட்டில் நடப்பது மாதிரி இருக்கும். இந்த வடிவமைப்பின் இயல்பான பலவீனம் இது. இதற்குச் சரியான மருந்தையும் கேமே வைத்திருக்கிறது: ஒவ்வொரு பலகைக்கும் கூடுதல் இலக்குகள். பெட்டியை எடு, இத்தனை நகர்வுக்குள் முடி, எல்லோரையும் கொல், யாரையும் கொல்லாதே. ஒன்றுக்கொன்று முரணானவை, ஒரே ஆட்டத்தில் எல்லாவற்றையும் முடிக்க முடியாது, திரும்பத் திரும்ப ஆட வேண்டும்.

'எல்லோரையும் கொல்' என்பது நேரடியாக அந்த நிறக் கணக்கில் போய் முட்டும். உங்களோடு ஒரே நிறத்தில் பிறந்த ஒரு நடைக் காவலாளியை, கதவோ கல்லோ துப்பாக்கியோ இல்லாமல் கொல்லவே முடியாது. எனவே அந்த இலக்கு இருந்தால் பலகையில் எங்கோ ஒரு உடைப்பான் இருந்தாக வேண்டும், அதைத் தேடு என்று பொருள். நகர்வு எண்ணிக்கை இலக்கிலும் ஒரு வேடிக்கை. தரைக்கதவு இல்லாத பலகையில் தொடக்கப் புள்ளிக்கும் வெளியேறும் புள்ளிக்கும் நிறம் நிலையானது, ஆகவே எல்லாத் தீர்வுகளுமே ஒற்றைப்படை, அல்லது எல்லாமே இரட்டைப்படை. '12 நகர்வுக்குள் முடி' என்று சொன்னாலும், பலகை ஒற்றைப்படையாக இருந்தால் உண்மையான எல்லை 11.

ஆனால் நான்கில் சிறந்தது சந்தேகமில்லாமல் 'யாரையும் கொல்லாதே'தான். அப்போது எந்த நிபந்தனையும் கழிவதில்லை. எல்லாக் கடிகாரங்களும் கடைசிவரை ஓடிக்கொண்டிருக்கும். நடுவில் புகுந்து யார் மேலும் படாமல் வெளியே வரவேண்டும். கொலைகாரனைப் பற்றிய கேமில் மிகச் சிறந்த ஆட்டம் யாரையும் தொடாத ஆட்டம் என்பது தற்செயலா என்று தெரியாது, ஆனால் அதுதான் உண்மை.

இனி மனசு ஒப்பாத விஷயங்கள். பின்பாதிப் பலகைகள் பெரிதாகின்றன. பெரிதானால் கஷ்டமாகும், கஷ்டமானால் நல்லது என்ற எண்ணம் வடிவமைப்பாளர்களுக்கு எப்போதும் ஒரு சபலம். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 20 புள்ளிகள் உள்ள ஒரு கற்பனைப் பலகை. நான்கு புள்ளி நீளத்தில் நடக்கும் ஒரு காவலாளி, அவர் சுற்று 6 நகர்வு. மூன்று புள்ளி நீளத்தில் இன்னொருவர், அவர் சுற்று 4. இருவரும் சேர்ந்து தொடங்கிய நிலைக்குத் திரும்ப 12 நகர்வு ஆகும். இன்னும் இரண்டு பேர் நின்றபடி. நான்கு பேரும் உயிரோடு அல்லது பிணமாக, 16 சேர்க்கைகள். பெட்டி எடுத்தாயிற்றா இல்லையா, 2. பெருக்கினால் 20 × 12 × 16 × 2 = 7,680 நிலைகள். தரைக்கதவு இல்லையென்றால் நிறக் கணக்கு இதில் பாதியைச் சாத்தியமே இல்லை என்று அடித்துவிடும், 3,840. கல்லூரியில் படித்த அகலவாரித் தேடலை எழுதினால் பழைய லேப்டாப்கூடக் கண் இமைப்பதற்குள் மிகக் குறைந்த நகர்வுத் தீர்வைக் கொடுத்துவிடும்.

கணினிக்கு இது தூசி. மனுஷனுக்கு? 20 புள்ளிகளைக் கண்ணால் பார்த்துவிடலாம், 12 நகர்வுச் சுற்றை மனசில் ஓட்டுவது சிரமம். நல்ல பலகைகள் இதைத் தெரிந்து வைத்திருக்கின்றன. குறைந்த புள்ளிகள், ஒரே சுற்று நீளம், நடுவில் ஒரு முடிச்சு. அவிழ்ந்ததும் 'அட!' என்று வரும். மோசமான பலகைகளில் வெவ்வேறு நீளச் சுற்றுகள் மூன்று நான்கை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுவிடுகிறார்கள். அங்கே அவிழ்க்க முடிச்சு இல்லை, எண்ணிக்கை மட்டும் இருக்கிறது. யோசிப்பதை விட்டுவிட்டு முட்டி மோதிப் பார்க்கிறோம். ஏழாவது நகர்வில் செத்தால் எட்டாவதைப் பற்றி ஒன்று தெரிந்தது என்று திரும்பத் தொடங்குகிறோம். தப்பான ஒரு நகர்வை மட்டும் பின்வாங்கும் வசதி கிடையாது, முழுப் பலகையும் முதலிலிருந்து. சின்னப் பலகையில் அது ஒழுக்கத்தைக் கற்றுக்கொடுக்கிறது. இருபது சொச்சம் நகர்வு உள்ள பலகையில், சரியாகச் செய்த பதினெட்டைத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கும் தண்டனை. தற்செயல் இல்லாத, நேரக்கெடு இல்லாத ஒரு கேமில் பின்வாங்கும் பொத்தானை மறுப்பதற்கு ஒரு நியாயமும் எனக்குப் புலப்படவில்லை. நிரல் எழுதுகிறவர்களுக்குத் தெரியும், இது ஒரு பட்டியலில் பழைய நிலைகளைச் சேமிக்கிற வேலைதான்.

அதைவிட மோசம் குறிப்பு விற்பது. காசு கொடுத்து வாங்கும் கேமுக்குள்ளேயே தீர்வுக் குறிப்புகளைத் தனிக் காசுக்கு விற்றார்கள். அந்தக் குறிப்பு 'அந்தக் கதவைக் கவனி' என்பது போன்ற தூண்டுதல் அல்ல, எந்த வழியாகப் போக வேண்டும் என்று நகர்வு நகர்வாகக் காட்டிவிடும். புதிரைத் தீர்க்க உதவுவதாக இல்லை, புதிரைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக இருக்கிறது. அடுத்த பெட்டியைத் திறக்க இத்தனை முத்திரை வேண்டும் என்ற பூட்டையும் இதோடு சேர்த்துப் பார்த்தால் சங்கடமாகவே இருக்கிறது: பூட்டைப் போட்டவரே பக்கத்தில் சாவிக் கடையும் வைத்திருக்கிறார். எந்தப் பலகை யோசிப்பதற்காகக் கஷ்டம், எது விற்பனைக்காகக் கஷ்டம் என்ற சந்தேகம் ஒருமுறை வந்துவிட்டால், நல்ல பலகைகள் மேலும் அது படிகிறது. வடிவமைத்தவர்களுக்கே இது அநியாயம்.

ஏனென்றால் அவர்கள் செய்த காரியம் லேசானதில்லை. ஸ்கொயர் எனிக்ஸ் மான்ட்ரியால் என்ற அந்த ஸ்டூடியோ 2011-இல் ஆரம்பித்தது கன்சோலுக்கு ஒரு பெரிய ஹிட்மேன் கேம் செய்வதற்காக. அது நடக்கவில்லை, மொபைல் பக்கம் திரும்பினார்கள். பெரிய கேமை மொபைலுக்குக் கொண்டுவருவது என்றால் அந்தக் காலத்தில் கண்ணாடித் திரை மேல் இரண்டு போலி ஜாய்ஸ்டிக்கை வரைந்து, கட்டைவிரலால் பாதித் திரையை மறைத்துக்கொண்டு சுடுவது என்று அர்த்தம். டேனியல் லூட்ஸ் தலைமையில் இருந்த சின்னக் குழு, அந்த முப்பரிமாண உலகத்தில் எதை எடுத்தால் ஹிட்மேன் செத்துவிடும், எதை எடுத்தாலும் சாகாது என்று கேட்டிருக்கிறது. துப்பாக்கிச் சண்டை போனது, ஓட்டம் போனது, வசனம் போனது. முதுகும் பார்வையும் பொறுமையும் மிஞ்சின. பின்னால் சேர்த்த பெட்டிகளில் ஓபரா அரங்கம், செயின்ட் பீட்டர்ஸ்பர்க் என்று பழைய மிஷன்களின் ஞாபகம் வரும்போது, ஐம்பது அறைகள் உள்ள ஒரு இடத்தை இருபது புள்ளியில் எப்படிச் சொல்லியிருக்கிறார்கள் என்பதே ஒரு விமர்சனம் மாதிரி இருக்கிறது, மூல கேமைப் பற்றிய விமர்சனம்.

இதே பாணியில் லாரா கிராஃப்ட் கோ 2015-இல் வந்தது, டியூஸ் எக்ஸ் கோ 2016-இல். லாராவுக்கு ஆப்பிளின் அந்த வருட ஐபோன் கேம் என்ற மரியாதை கிடைத்தது. எனக்கும் மூன்றில் ஓட்டம் சீராக இருப்பது லாராவில்தான். ஆனால் அங்கே ஏறுவதும் குதிப்பதும் முக்கியம், முதுகுப் பக்கம் போகும் கணக்கு நீர்த்துப்போகிறது. டியூஸ் எக்ஸ் கோ அந்தக் கணக்குக்குத் திரும்பியது. கொஞ்ச நேரம் கண்ணுக்குத் தெரியாமல் போகும் சக்தியும், தளங்களை ஹேக் செய்து மாற்றுவதும் சேர்ந்தன. புதிராக மட்டும் பார்த்தால் மூன்றில் அடர்த்தியானது அது என்பேன்.

ஆனால் அதை ஆடிச் சரிபார்க்கவே வழியில்லாமல் போன ஒரு காலமும் உண்டு. 2022-இல் ஸ்டூடியோ எம்ப்ரேசர் குழுமத்துக்கு விற்கப்பட்டது. அக்டோபரில் ஒனோமா என்று புதுப் பெயர் வைத்தார்கள், நவம்பரில் மூடினார்கள். அதோடு டியூஸ் எக்ஸ் கோவும் வேறு சில மொபைல் கேம்களும் கடைகளிலிருந்து எடுக்கப்பட்டன. காசு கொடுத்து வாங்கி வைத்திருந்தவர்களும் 2023 ஜனவரி 4-க்குப் பிறகு ஆட முடியாது என்று அறிவித்தார்கள். ஹிட்மேன் கோவும் லாராவும் அந்தப் பட்டியலில் இல்லை, தப்பித்தன. மற்ற ஆட்களோடு சேர்ந்து ஆடும் கேம் சர்வரோடு போகிறது என்றால் புரிந்துகொள்ளலாம். ஒரே ஆள், ஒரு பலகை, தற்செயல் இல்லாத விதிகள். இதற்குச் சர்வரின் தயவு எதற்கு?

ஹிட்மேன் கோவை இப்போது வாங்குகிறவர்கள் முதல் மூன்று பெட்டிகளை நிதானமாக ஆடுங்கள், ஒவ்வொரு பலகையிலும் கொல்லாத இலக்கைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். குறிப்பைத் தொடாதீர்கள். பெரிய பலகை மண்டையைக் குழப்பினால் ஒரு தாளை எடுத்துப் புள்ளிகளுக்குக் கறுப்பு வெள்ளை போட்டுக்கொண்டு, எந்தெந்தக் காவலாளி உங்கள் நிறத்தில் பிறந்தவர் என்று மட்டும் முதலில் பாருங்கள். பாதிப் பேரை அங்கேயே மறந்துவிடலாம், அவர்களால் உங்களை ஒன்றும் செய்ய முடியாது. அடுத்து அந்தத் தரைக்கதவுகள் எந்த நிறம் என்று பாருங்கள்.